வலம், இடம், வலம்

முதலில் பல் என்றார்கள்.
மெல்ல மெல்லத் தாடை சோர்ந்தது,
நாலு மாடி ஏறிய கால் மாதிரி
பாதித் தோசையில் நின்று இளைப்பாறியது.
மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்
காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார்கள்.
பாவம், ஒரு குற்றமும் செய்யாத பல்.

அப்புறம் தலை.
சீப்பு பட்டால் நெற்றிப்பொட்டில் நெருப்பு.
சூடு, எண்ணெய் வை என்றாள் பக்கத்துச் சீட்டு மங்கையர்க்கரசி.
வைத்தேன். தலையணையும் சுட்டது.
பொட்டோரம் ஒரு குழாய் மண்புழுவாய்ப் புடைத்திருந்ததைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
வயசு என்று விட்டுவிட்டேன்.

முதுநகர்க் கூட்டுறவு வங்கியில் நான் காசாளர்.
முப்பத்தோரு வருஷமாய்
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள்.
துறைமுகத்துக் கைகளிலிருந்து வருவது,
செதில் ஒட்டியது, ஐஸில் நனைந்தது,
எதுவானாலும் இழை ஓடுகிறதா, நீருருவம் தெரிகிறதா.
கள்ள நோட்டு என் மேஜையைத் தாண்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரைக்கு,
தூக்கிய நோட்டில் மேல்பாதி இல்லை.
இன்னொன்றை எடுத்தேன்.
அதிலும் இல்லை.
இடக்கண்ணில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள்.
கணக்கு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.
நாளைக்குப் போகலாம் என்றேன்.
நாளைக்கு
ஷட்டர் தரையைத் தொட்டிருந்தது.

ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம்.
கலியபெருமாள் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.
கோரிமேட்டில் இருட்டறை.
மகள் வயசு டாக்டர், பேனா அளவு டார்ச்.
வலம். இடம். வலம். இடம்.
நின்றாள்.
மறுபடி இடம்.
"இங்க வாங்க எல்லாரும்."
ஏழெட்டு மாணவர்கள், ஒருவர் மூச்சு ஒருவர் மேல்.
"வெளிச்சம் பட்டா பாப்பா சுருங்கணும்.
இவங்களுக்குப் பாருங்க, விரியுது."

என்னைத் தூக்கிப் பிடித்து
வெளிச்சத்தில் பார்த்துவிட்டார்கள்.

ரத்தக் குழாயின் சுவர் வீங்கிப்
பார்வை நரம்புக்குச் சோறு போகும் வழி அடைத்ததாம்.
கண்ணாடிக் குழலில் நிறுத்திய என் ரத்தம்
ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பதினெட்டு இறங்கியது.
வெள்ளம் வடிந்த மறுநாள்
கெடிலத்தில் வண்டல் படிகிற அவசரம்.
பொட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்குப் போனது.
மூன்று நாள் மருந்து சொட்டியது.
போன கண் வராது, இருப்பதைக் காப்பாத்தலாம் என்றாள்.
ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.
மூன்றாம் நாள் ஒரு முறுக்கை முழுசாகக் கடித்து
அழுதேன்.
அழுவதற்கு மட்டும் இரண்டு கண்ணும் வந்தன.

இப்போது மாத்திரையில் முகம் பூசணி.
சுகமாயிருக்கே போலிருக்கு என்கிறார்கள் சங்கத்தில்.
சில்லறையை நீட்டிய கைக்கு ஒரு விரல் முன்னாலேயே விட்டுவிடுகிறேன்,
கவுண்டரில் காசு உருள்கிறது.
பொறுக்கிக் கொடுப்பவர்களிடம்
கோபப்படாமல் இருக்கப் பழகுகிறேன்.

யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு.
கண்ணாடி முன் நின்றால் இரண்டு பாப்பாவும் ஒரே அளவு.
ஜன்னலைத் திறந்தால்
வலது சுருங்கும், கூடவே இடதும் சுருங்கும்,
தனக்கும் தெரிந்த மாதிரி.

நேற்று கரண்ட் போன நேரம்
செல்போன் டார்ச்சை எடுத்து நானே அடித்துப் பார்த்தேன்.
வலம். இரண்டும் சுருங்கின.
இடம்.
இரண்டும் விரிந்தன.
நல்ல கண்ணும்தான்.
ஒன்றுக்கு இருட்டென்றால்
அதற்கும் இருட்டு.
வலம். இடம். வலம்.

"சார்ஜ் தீர்ந்துடும்" என்றார் கலியபெருமாள் இருட்டிலிருந்து.
கொஞ்சம் கழித்து எழுந்து வந்து
டார்ச்சை வாங்கி,
அவரே பிடித்துக்கொண்டார்.